பெருங்காய டப்பாவில் இருந்த கோதுமை

என் மகளுக்கு ஒன்பது வயது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அவளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களால் குடல் கெடும் நோய், இருப்பது உறுதியானது. மூன்று ஆண்டுகளாக இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் 8.4-ஐத் தாண்டாமல் நின்றது. வகுப்பில் அவள்தான் எல்லாரையும் விடக் குள்ளம். சாப்பிட்டு எழுந்ததும் வயிறு உப்பிக்கொள்ளும். இவை மூன்றையும் தனித்தனித் தொல்லைகளாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு குழந்தை மருத்துவர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, டிடிஜி என்னும் எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அந்த ஆய்வகத்தின் கணக்கில் 20-க்குக் கீழ் இருப்பதே இயல்பு. அவளுக்கு 200-க்கும் மேல் வந்தது. எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் முதற்பகுதியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது, சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போயிருந்தன.

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் வாழ்நாள் முழுவதும் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் பயத்தைவிட நிம்மதியே அதிகம் வந்தது. ரையை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்லியைக் கஞ்சி வைப்பதற்காக எப்போதாவது வாங்குவோம். கோதுமை என்றால் சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா, பிரெட், பிஸ்கட். இவற்றை நிறுத்திவிட்டால் மீதி எல்லாம் அரிசியும் பருப்பும்தானே என்று நினைத்தேன். அன்று மாலையே அவற்றை அவள் தட்டிலிருந்து விலக்கினோம். அதற்குப் பிறகு அவள் ஒரு துண்டு பிஸ்கட்கூடத் தின்றதில்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு 168-இல் நின்றது, ஹீமோகுளோபின் 9.1. எதிர்ப்பொருள் மெதுவாக இறங்குவதும் உண்டு, ஆனால் இது மிகவும் மெதுவாக இருக்கிறது, வீட்டில் எங்கோ இன்னும் கோதுமை நுழைகிறது, தேடிப் பாருங்கள் என்றார் மருத்துவர். அப்படித் தேடிய பத்து வாரங்களின் பதிவுதான் இது.

எங்கள் பகுதியில் இந்த நோயைப் பற்றி விசாரிக்க ஆள் கிடைப்பது அரிது. அதற்குக் காரணம் உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வேலூரில் நூற்றுக்கு 0.10 பேருக்கும் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் இருந்தன. வேறுபட்டது சாப்பாடு: நாளொன்றுக்கு வடக்கே 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அரிசி நம்மைக் காத்துவந்திருக்கிறது என்று இதை வாசித்துக்கொள்ளலாம். ஆனால், நோய் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த 25 கிராம் எந்தெந்த வழியில் வருகிறது என்று நம் ஊரில் யாரும் எழுதிவைக்கவில்லையே என்பதுதான் எனக்கு உறைத்தது. வடநாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்ட பட்டியல்களில் ரொட்டி, ‘நான்’ போன்றவை இருந்தன. ரசமும் அப்பளமும் இல்லை.

முதல் வேலையாக, அடுக்களையில் வாயில் போடக்கூடிய பொருள் அத்தனையையும் கூடத்தில் இறக்கிவைத்தேன். டப்பா, பொட்டலம், பாட்டில், ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்து 94 வந்தன. ஒரு நோட்டில் மூன்று பத்தி கிழித்தேன்: கொடுக்கலாம், கூடாது, தெரியாது. "தெரியாது" என்னும் பத்தியில் இருப்பது எதுவும், சான்று கிடைத்து முதல் பத்திக்கு மாறும்வரை, அவள் தட்டுக்குப் போகாது என்று முடிவு செய்துகொண்டேன். முதல் நாள் முடிவில் என் நம்பிக்கை குலைந்தது: 41 பொருள்கள் "தெரியாது" பத்தியில் விழுந்திருந்தன. அவற்றில் முக்கால்வாசி, ஆறு மாதமாக அவளுக்கு நான் நம்பிக்கையோடு கொடுத்துக்கொண்டிருந்தவை.

அன்றிரவு அத்தை, என் கணவரின் தாயார், கேட்ட கேள்வி நியாயமானது. "ஒரு சிட்டிகை மாவு உள்ள போனா என்னம்மா ஆயிடப் போவுது? நஞ்சா அது?" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இருபது ஆண்டுகளாக இரவில் சப்பாத்திதான். கோதுமை நல்லது என்று மருத்துவர்கள் சொல்லிக் கேட்டே பழகியவருக்கு, அதே கோதுமை பேத்திக்கு ஆகாது என்பது மனத்தில் ஏறவில்லை. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கையால் காட்டினேன். ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையச் சொன்னேன். தண்ணீர் பால்போல் வெளுத்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றி, மறுபடியும் பிசையச் சொன்னேன். ஐந்தாவது தண்ணீர் தெளிவாக நின்றபோது, அத்தையின் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்குப் பழுப்பான ஓர் உருண்டை மிஞ்சியிருந்தது. இரண்டு விரலால் இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "சவ்வு மாதிரி இருக்கே" என்றார். அதுதான் குளூட்டன். பரோட்டாவை வீசும்போது கிழியாமல் விரியவைப்பதும், பன்னை உப்பவைப்பதும் அந்தப் புரதம்தான். அரிசிமாவைப் பிசைந்து இப்படிக் கழுவினால் கையில் எதுவும் மிஞ்சாது. அதையும் அவரே செய்து பார்த்தார்.

இந்தப் புரதத்தை நம் குடல் முழுமையாகச் செரிப்பதில்லை. மற்றவர்களுக்கு அதனால் கேடில்லை. சீலியாக் உள்ளவர்களுக்கோ, செரியாமல் மிஞ்சும் துணுக்கைப் பகையென்று எடுத்துக்கொண்டு உடலின் காவல் தன் குடலையே தாக்குகிறது. இது ஒவ்வாமை அன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித் தாங்கவைக்கவும் முடியாது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்டாலே குடலுறிஞ்சிகள் சிதைகின்றன என்று இத்தாலியில் 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்று கருதப்படுகிறது. கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிகிராம் குளூட்டன் வருவதற்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு மாவே போதும். என் சமையலறைத் தராசு அதைக் காட்டவே காட்டாது.

இந்தக் கணக்கு மனத்தில் இருந்ததால்தான் பெருங்காய டப்பாவை எடுத்தபோது எனக்குக் கை நின்றது. ஒவ்வொரு நாளும் கையாளும் டப்பா அது. பின்பக்கத்து எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. உண்ணத்தகுந்த பிசின், கோதுமை மாவு, பெருங்காயம் என்ற வரிசையில் அச்சிட்டிருந்தது. நம் நாட்டு விதிப்படி உட்பொருள்களை எடையில் இறங்குவரிசையாகத்தான் எழுத வேண்டும். ஆகவே அந்த டப்பாவில் பெருங்காயத்தைவிடக் கோதுமை மாவே அதிகம். இதில் கலப்படம் என்று குறைசொல்ல ஏதுமில்லை. அசல் பெருங்காயம் பல்லில் ஒட்டும் பிசின். காரமும் நெடியும் தாங்கமுடியாதவை. அதை மாவும் பிசினும் சேர்த்து மட்டுப்படுத்தி விற்பதற்குக் கூட்டுப் பெருங்காயம் என்றே பெயர். சட்டமும் அதை அனுமதிக்கிறது. கட்டியாக விற்பதும் பெரும்பாலும் அதே கூட்டுதான். தூள்தான் கலவை, கட்டி சுத்தம் என்று நான் நினைத்திருந்தது தவறு.

கால் தேக்கரண்டியை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன், 0.7 கிராம் இருந்தது. அதிகபட்சம் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால் 350 மில்லிகிராம். அதில் குளூட்டன் 35 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிடும் சாம்பாரில் இதைப் போட்டால், தலைக்கு ஏறத்தாழ 9. பிறகு அதே நாளில் ரசத்தில் ஒரு தடவை, மோரில் ஒரு தடவை, இட்லிப் பொடியில், ஊறுகாயில், அப்பளத்தில். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, பத்தியச் சாப்பாடு என்று மிளகு ரசத்தில் கூடுதலாகவே பெருங்காயம் போட்டு ஆறு மாதம் கொடுத்திருக்கிறேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பெரிய கடைவீதியில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டு வாங்கினேன். மாவு கலக்காத பிசின் என்று கடைக்காரர் உறுதி சொன்னாலும், உறுதி மட்டும் போதாது என்பதால், உட்பொருள் அச்சிட்ட மூடிய பொட்டலமாகவே தேடி எடுத்தேன். அரிசிமாவு சேர்த்து, குளூட்டன் இல்லை என்று முத்திரையிட்ட கூட்டுப் பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது. ஊருக்குப் போகும்போது அதைக் கொண்டுபோகிறோம். வீட்டில் பிசின்தான். கடுகு அளவு கிள்ளி, இரண்டு கரண்டி வெந்நீரில் போட்டு மூடிவைத்தால், ஒரு மணி நேரத்தில் பெருங்காயத் தண்ணீர் தயார். முதல் நாள் பழைய அளவிலேயே போட்டுவிட்டு, சாம்பாரை யாராலும் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. பிறகு அளவு பிடிபட்டது. அத்தை சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டில் பெருங்காயத்தை இப்படித்தான் சட்டியில் ஊறவைத்திருப்பார்களாம்.

பெருங்காயம் தெரிந்ததும் "தெரியாது" பத்தியில் இருந்த பலவற்றுக்கு ஒரே நாளில் விடை கிடைத்துவிட்டது. கடையில் வாங்கிய சாம்பார் பொடி, ரசப் பொடி, புளியோதரைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், உளுந்து அப்பளம், முறுக்கு எல்லாவற்றிலும் பெருங்காயம் என்றோ கூட்டுப் பெருங்காயம் என்றோ எழுதியிருந்தது. அதில் எந்த மாவு என்று எழுதியவை இரண்டே இரண்டு. மற்றவற்றை அவளுக்காக மட்டும் அல்ல, வீட்டுக்கே நிறுத்திவிட்டோம். ஒரே அடுப்பில் இரண்டு சாம்பார் வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

அடுத்தது மாவு மில். இது எனக்குத் தோன்றவே தோன்றாத இடம். எங்கள் வீட்டு இடியாப்ப மாவு, கேழ்வரகு மாவு, கடலை மாவு எல்லாம் தெருக்கோடி மில்லில் அரைத்தவை. வாங்கும்போது அரிசி; கொண்டுவரும்போதும் அரிசிமாவு; நடுவில் என்ன நடக்கிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்தார். அவர் பையை எடுத்ததும் மில்காரர், நான் கொண்டுபோன அரிசியைக் கொட்டப் போனார். அவரை நிறுத்தி, மாவு விழும் வாயில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து உதறிக் காட்டும்படி கேட்டேன். கேள்வி அவருக்குப் புதிது என்றாலும் மறுக்காமல் செய்தார். கையால் இரண்டு தட்டுத் தட்டியதும், தரையில் விரித்த செய்தித்தாளில் ஒரு கைப்பிடிக்கு மேல் கோதுமை மாவு விழுந்தது. கல்லுக்கு அடியிலும், தொட்டியின் மூலைகளிலும் ஒட்டியிருப்பது வேறு. மூடியைக் கழற்றிக் காட்டினார்; உள்ளே சுவரெல்லாம் மாவு ஏடுபோலப் படிந்திருந்தது. "கோதுமைக்கு அப்புறம் அரிசி வந்தா ஒரு பிடி அரிசிய விட்டு ஓட்டித் தள்ளிடுவோங்க. மொளகாய்க்கு வேற மிஷின். மத்ததெல்லாம் இதுலதான்" என்றார். ஒரு பிடி அரிசி நிறத்தையும் மணத்தையும் போக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்னும் வரம்புக்குள் கொண்டுவராது.

அந்த 20 என்னும் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். "குளூட்டன் இல்லாதது" என்று ஒரு பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி; கோடெக்ஸ் என்னும் உலக அளவிலான உணவுத் தரமும் அதுவே. அந்த அளவில் உள்ள உணவை நாளுக்கு அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் போகும் என்பதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்த எண் எதற்காக என்று விளங்கும்.

மில்லை விட்டுவிட்டு, பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, மிக்சியில் அரைக்கத் தொடங்கினோம். ஒரு கிலோ அரைத்துச் சலிக்க, மிக்சி சூடாகும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருந்ததையும் சேர்த்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கேழ்வரகு மிக்சிக்குச் சரியாகப் படியவில்லை. அடை திரிதிரியாக வந்தது. இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, வீட்டு மாவு இயந்திரம் ஒன்று வாங்கினோம். செலவு பெரிது. ஆனால் இந்தப் பத்து வாரங்களில் செய்த எல்லாவற்றிலும் பெருங்காயத்துக்கு அடுத்தபடி இதுவே பயன் தந்தது என்று நினைக்கிறேன். அந்த இயந்திரத்தில் கோதுமை ஒரு மணிகூட விழுவதில்லை.

சில்லறையாக வாங்கும் தானியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. பருப்பு, பயறு, கடலை, ஜவ்வரிசி, மரவள்ளி, கிழங்குகள், காய், பழம், பால், தயிர், நெய், முட்டை, மீன், இறைச்சி எதிலும் இல்லை. இது மனத்துக்குத் தெம்பு தரும் பட்டியல்தான். நம் சாப்பாட்டில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மளிகைக்கடையில் கோதுமை மூட்டையும் பயறு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாய் திறந்து நிற்கின்றன. அள்ளும் கரண்டி ஒன்றே. ஒரு கிலோ பச்சைப்பயற்றை வெள்ளைத் துண்டில் பரப்பி, மகளும் நானும் ஒரு மாலை முழுக்கப் பொறுக்கினோம். ஏழு கோதுமை மணிகள் கிடைத்தன. நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு பள்ளமாக ஓடுவதை வைத்து அவள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தாள். முழுத் தானியம் என்றால் பொறுக்கி எடுத்து, இரண்டு மூன்று தண்ணீரில் களைந்துவிடலாம். ஒட்டிய தூசியும் போய்விடும். மாவாக வாங்கிவிட்டால் பொறுக்கவும் முடியாது, களையவும் முடியாது. அதனால் மாவை வாங்குவதில்லை, தானியத்தையே வாங்குகிறோம் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கடலை மாவும் அப்படியே: கடலைப்பருப்பைப் பொறுக்கித் துடைத்து, வீட்டில் அரைப்பது.

பொட்டலங்களின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. மைதா, ரவை, சூஜி, செமோலினா, டாலியா எல்லாம் கோதுமைதான். "மைதா சேர்க்காதது" என்று பெரிதாகப் போட்டிருந்தால், முழுக் கோதுமை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்வதே பத்திரம். சிறுதானியம் என்று முகப்பில் எழுதிய பிஸ்கட், நூடுல்ஸ், சேமியா பலவற்றைத் திருப்பிப் பார்த்தேன். தினையும் கேழ்வரகும் ஒரு பங்கு, மீதி கோதுமை மாவு. சீலியாக் பிள்ளை உள்ள வீட்டார் நம்பிக்கையோடு கை நீட்டுவது இந்த அலமாரிக்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. பாலில் கலக்கும் சத்துப் பானங்களில் பெரும்பாலானவற்றிலும், கார்ன்ஃபிளேக்ஸ் பலவற்றிலும் அது உண்டு. மக்காச்சோளம் என்று பெயரிலேயே இருக்கிறதே என்று கார்ன்ஃபிளேக்ஸை முதல் பத்தியில் எழுதியிருந்தேன். மால்ட் சாறு என்ற சொல்லைப் பார்த்ததும் அடித்துத் திருத்தினேன். ஆனால் மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு. பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து எடுப்பது, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குளூட்டன் அல்லாத குளூக்கோஸ், குளூட்டமேட் என்ற பெயர்களும் காதுக்கு அதுபோலவே கேட்பதால் அத்தை சில நாள் குழம்பினார். சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. வீட்டில் இருந்த பாட்டிலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

உட்பொருள் வரிசைக்குக் கீழே, ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். குளூட்டன் உள்ள தானியத்தை அங்கே காட்டியாக வேண்டும் என்பது விதி. இப்போது நான் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கிறேன். "கோதுமை கையாளும் ஆலையில் தயாரித்தது" என்று இருந்தாலும் வைத்துவிடுகிறேன். ஆனால் இந்த வரி இல்லாததைப் பாதுகாப்பின் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை; தெருவோரம் நெகிழிப் பையில் கட்டி விற்பதில் எந்த வரியும்தான் இருக்காது.

பாத்திரங்களில் எது கழுவினால் போகும், எது போகாது என்பதே கேள்வி. எவர்சில்வரும் கண்ணாடியும் கழுவினால் போதும். பூரிக்கட்டை, மனை, மூங்கில் முறம், மரக் கரண்டி, மாவுச் சல்லடை ஆகியவற்றின் கண்ணிலும் பிளவிலும் மாவு தங்கிவிடும்; அவளுக்குத் தனியாகப் புதிது வாங்கினோம். சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எத்தனை தேய்த்தாலும் கம்பிகளின் மூலையில் வெண்மை தெரியும். எண்ணெய் ஏறி மெழுகிய பழைய இரும்புத் தோசைக்கல்லில் பத்தாண்டுச் சப்பாத்தி ஏறியிருந்ததால் அதை அத்தையின் சப்பாத்திக்கே விட்டுவிட்டு, தோசைக்குப் புதுக்கல் பழக்கினோம். கோதுமை இடியாப்பம் பிழிந்த பித்தளை நாழியை வெந்நீரில் ஊறவைத்துத் துளை துளையாகக் குத்திச் சுத்தம் செய்தேன். பூரி சுட்ட எண்ணெயில் அப்பளம் பொரிக்கும் பழக்கத்தை நிறுத்தினோம்.

அத்தையின் சப்பாத்தியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிசையும்போது மாவு பறந்து பக்கத்துப் பாத்திரங்களில் படியும் என்பதால், பின்கட்டு மேடையில் வைத்துப் பிசைந்துகொள்கிறேன் என்று அவரே சொன்னார். மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் இரவு சாமைச் சோறும் கீரையும் எடுத்துப் போட்டுக்கொண்டு பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் சப்பாத்தி.

வெளியே சாப்பிடுவதில் எனக்கு இன்னும் திருப்தியான விடை இல்லை. இட்லி பாதுகாப்பு, சாம்பாரில் பெருங்காயம். தோசை பாதுகாப்பு, அதே கல்லில் ரவா தோசையும் சப்பாத்தியும் வார்க்கிறார்கள், முறுகலுக்காக மாவிலேயே ரவை சேர்ப்பவர்களும் உண்டு. உளுந்து வடையில் கோதுமை இல்லை. மைதா போண்டா பொரித்த அதே எண்ணெய். இனிப்புக் கடையில் மைசூர்பாகு கடலை மாவு, ஜாங்கிரி உளுந்து, அதிரசம் அரிசி; பாதுஷாவும் ஜிலேபியும் குலாப் ஜாமூனும் மைதா. அல்வா என்றாலே கோதுமைப் பால்தான்; திருநெல்வேலி அல்வாவின் உயிரே அது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, ஒரே இடுக்கியால் எடுத்துக் கொடுப்பதால் மைசூர்பாகையும் வீட்டில்தான் கிண்டுகிறேன். கல்யாண வீடுகளில் வெறும் சோறு, தயிர், வாழைப்பழம், நாங்கள் கொண்டுபோகும் பருப்புப்பொடி. கேட்டால் பந்தி விசாரிப்பவர்கள் மனம் கோணாமல் உதவுகிறார்கள். "அலர்ஜி" என்ற சொல் எல்லாருக்கும் புரிகிறது என்பதால், பொருத்தமில்லை என்று தெரிந்தும் அதையே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்க்கிறது. ஆனால் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா என்று பட்டியல் போகிறது; பொங்கல் என்ற பெயரிலும் ரவைப் பொங்கல் உண்டு. ஆசிரியையிடம் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோகும் டப்பாவை அவள் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வாங்கினேன். தனியே உட்காரவைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு, தங்கள் பிள்ளைக்கும் வயிறு உப்புகிறது என்று உடனே கோதுமையை நிறுத்துபவர்கள் இருக்கக்கூடும். தயவுசெய்து பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்திலும் திசுவிலும் நோயின் அடையாளம் தெரியும். நிறுத்திவிட்டால் பரிசோதனை இயல்பு என்று பொய் சொல்லிவிடும்.

நோட்டில் இப்போது "தெரியாது" பத்தியில் மூன்று பெயர்கள்தான் மீதி. ஒன்று, அவளுக்கு அவ்வப்போது கொடுக்கும் ஒரு மாத்திரையில் உள்ள ஸ்டார்ச். மருந்துக் கடைக்காரர் மூலம் தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. மருத்துவர் அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது, சித்தி வீட்டிலிருந்து வரும் வத்தல் குழம்புப் பொடி. மூன்றாவது ஓட்ஸ். ஓட்ஸின் புரதம் வேறு என்றாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலப்பது சாதாரணம். சுத்தமான ஓட்ஸையும் தாங்காதவர்கள் சிலர் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓட்ஸ் கலந்த எதையும் குளூட்டன் இல்லாதது என்று விற்க விதி இடம் கொடுப்பதில்லை.

பெருங்காயத்தையும் மில்லையும் நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகு எடுத்த பரிசோதனையில் டிடிஜி 31, ஹீமோகுளோபின் 11.8. கதவில் பென்சிலால் குறித்த உயரம் முதல் ஆறு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. இந்த ஆறு மாதத்தில் நான்கு. அளவு 20-க்குக் கீழ் இறங்கி, ஒரு தடவையாவது அங்கே நிலைத்த பிறகு ஓட்ஸைப் பற்றிப் பேசலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்கிறோம்.